கடுதாசிக் கம்பி

கஜா புயல் கரை கடந்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. தலைஞாயிறு பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குத் திருச்சியிலிருந்து நான் போய்ச் சேர நாலு நாள் ஆயிற்று. வழியெல்லாம் தென்னை சாய்ந்து கிடந்தது. கரண்ட் கம்பங்கள் வயலுக்குள் படுத்திருந்தன. தாத்தா கட்டிய வீட்டில் முன்கட்டு ஓடு மொத்தமும் போய்விட்டது, சுவர் மட்டும் நின்றது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்து மூச்சு விட்ட பிறகுதான் பரண் ஞாபகம் வந்தது. பரணில் டிரங்குப் பெட்டி. பெட்டிக்குள் எங்கள் குடும்பத்தின் எண்பது வருஷக் காகிதம்.

பெட்டியைச் சாய்த்ததும் தண்ணீர் கொட்டியது.

அதே வீட்டில் காகிதம் இருந்த இடம் இன்னொன்றும் உண்டு. நடுக்கூடத்தில் சாமி மாடத்துக்குப் பக்கத்துச் சுவரில், ஆணியில் தொங்கிய கடுதாசிக் கம்பி. என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அடியில் வட்டமாக ஒரு மரக்கட்டை, அதிலிருந்து எழும்பும் ஒன்றரை அடிக் கம்பி, நுனி கொக்கி போல வளைந்திருக்கும். வந்த கடிதத்தைப் படித்து முடித்ததும் நுனியில் குத்திக் கீழே தள்ளிவிடுவார்கள். பழசு அடியில், புதுசு மேலே. கூடத்து ஓடு தப்பித்ததால் அந்தக் கம்பியில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

நனைந்த பெட்டியில் இருந்ததில் பெரும்பகுதியை என்னால் காப்பாற்ற முடிந்தது. நனையாத கம்பியைத்தான் நான் கெடுத்தேன். குடும்பக் காகிதங்களை ஸ்கேன் செய்து வைக்கலாமா, காகிதமாகவே வைக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இந்த இரண்டு கதையும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் பெட்டி. ஈரக் காகிதத்தை வெயிலில் போட்டால் சுருண்டு நொறுங்கும், மையும் வெளுக்கும். நிழலில், காற்றில், மெதுவாகக் காய வேண்டும். இடையில் செய்தித்தாள் வைத்தால் அதன் அச்சு மை ஒட்டிக்கொள்ளும் என்பதால் அம்மா பழைய வேட்டிகளைக் கிழித்துக் கொடுத்தார். ஒரு காகிதம், ஒரு துணி, மறுபடி ஒரு காகிதம். ஊரில் கரண்ட் வரப் பல நாள் ஆகும் போலிருந்தது, ஃபேன் இல்லை. திண்ணையில் பாயை விரித்து, வந்த காற்றிலேயே காயவைத்தோம். பத்து நாள் பிடித்தது.

எது தண்ணீரைத் தாங்கும், எது தாங்காது என்று அந்தப் பத்து நாளில் கண்ணால் பார்த்தேன். பென்சில் எழுத்து அசையவே இல்லை. பால்பாயின்ட் எழுத்தும் நன்றாக இருந்தது. நீல மை ஊற்றி எழுதிய பேனா எழுத்துதான் கரைந்து, காகிதம் முழுக்க வானம் போல நீலம் பரவிவிட்டது. மைப் பென்சிலால் எழுதியிருந்தவை ஈரம் பட்டதும் ஊதா நிறமாகி, முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தன. முத்திரைத்தாள் துணி மாதிரி தாங்கியது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட போட்டோக்களைக் காயவிட்டுப் பிரித்தால் முகம் உரிந்துவிடும். அவற்றை மறுபடியும் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்தால் கறுப்பு வெள்ளைப் படங்கள் பொறுமையாகப் பிரிந்து வரும். அப்படித்தான் பாட்டியின் ஒரே படம் தப்பித்தது.

மோசமாகப் போனது எது தெரியுமா? அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா ஒவ்வொரு பக்கமாக லேமினேஷன் செய்து வைத்திருந்தார். ஓரத்தில் எங்கேயோ ஒரு மயிரிழை இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. மற்றதெல்லாம் காய்ந்துகொண்டிருக்க, அது மட்டும் உள்ளுக்குள் கறுப்பாகப் பூசணம் பூத்தது. லேமினேஷனைப் பிரிக்க முடியாது, பசையும் காகிதமும் சூட்டில் ஒன்றாகிவிடும். நம் ஊரில் அன்பின் பேரில் காகிதத்துக்குச் செய்யும் மிகப் பெரிய கெடுதல் இதுதான் என்று நினைக்கிறேன். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவது அதற்கு அடுத்தது. அந்த டேப் சில வருஷத்தில் மஞ்சளாகிக் கழன்று விழும், அதன் பசை காகிதத்துக்குள் இறங்கித் தங்கிவிடும்.

சரி, கம்பிக்கு வருகிறேன்.

பெட்டியின் கதியைப் பார்த்த பயத்தில், இருப்பதையெல்லாம் உடனே ஸ்கேன் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. திருச்சிக்குக் கொண்டுவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கம்பியிலிருந்து எல்லாக் காகிதத்தையும் உருவினேன். மொத்தம் 63. இனவாரியாகப் பிரித்தேன். கடிதங்கள் ஒரு கவரில், கிஸ்தி (நிலவரி) ரசீதுகள் ஒரு கவரில், அடகுச் சீட்டுகள் ஒரு கவரில், கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கவரில், மிச்சம் மீதி இன்னொரு கவரில். தரையில் துருப்பொடியும் காகிதத் துணுக்குகளும் சிதறிக் கிடந்தன. பெருக்கி முறத்தில் அள்ளிக் கொட்டினேன். அப்புறம் போனில் ஒரு ஸ்கேன் செயலி. அதுவே ஓரத்தைக் கண்டுபிடித்து வெட்டி, பழுப்பை வெள்ளையாக்கி, எழுத்தைக் கறுப்பாக்கிக் கொடுத்தது. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நேற்று எழுதிய கடிதம் போல அவ்வளவு சுத்தமாக இருந்தது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

தாத்தா 1937-இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர். பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் கிராணி வேலை. கங்காணி, கிராணி என்றெல்லாம் இப்போது சொன்னால் விளக்க வேண்டியிருக்கிறது. கங்காணி என்றால் கூலியாட்களை மேற்பார்க்கும் மேஸ்திரி, கிராணி என்றால் எஸ்டேட் கணக்கெழுதும் குமாஸ்தா. அவருடைய அண்ணனும் அங்கே போனவர்தான், அவர் திரும்பவில்லை. அவர் பேரன் ஈப்போவில் இருக்கிறார், எனக்கு அண்ணன் முறை. 2022-இல் அவர் குடும்ப வரலாறு தொகுக்கத் தொடங்கி, என்னிடம் இருப்பதை அனுப்பச் சொன்னார். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டார்.

"தங்கச்சி, பின்பக்கம் எடுக்கலையா?"

எடுக்கவில்லை. பின்பக்கத்தில் விலாசம்தானே என்று விட்டுவிட்டேன்.

"சரி, இதுல எது முதல்ல வந்தது, எது அப்புறம் வந்தது?"

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. 31 கடிதங்களில் பதினொன்றில் தேதியே கிடையாது. அந்தக் காலத்துக் கடிதம் எப்படி இருக்கும் என்று படித்தவர்களுக்குத் தெரியும். மேலே பிள்ளையார் சுழி, க்ஷேமம். இவ்விடம் யாவரும் நலம், அவ்விட நலத்துக்கு எழுதவும். நிற்க. இந்த நிற்கவுக்குப் பிறகுதான் விஷயமே வரும். தேதி போடுகிற இடத்தில் தாத்தா பல சமயம் 'வெள்ளிக்கிழமை' என்று மட்டும் எழுதியிருக்கிறார். எந்த வருஷத்து வெள்ளிக்கிழமை? அவருக்கு அது தேவைப்படவில்லை. கம்பியில் குத்திவிட்டால் தன் இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். அந்த இடத்தைத்தான் நான் ஒரே சாயங்காலத்தில் கலைத்துவிட்டேன்.

அத்தையிடம் சொன்னேன். அப்பாவுக்கு மூத்தவர். அவர் பிறந்தது 1936, தாது வருஷம். கம்பி தொங்கிய கூடத்தில் வளர்ந்தவர். திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை எங்கம்மா யாரையும் தொடவிட மாட்டாங்க பாப்பா" என்றார்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் தபால்காரர் படித்துக் காட்டிவிட்டுப் போவார். அப்புறம் பாட்டிக்கு அந்தக் காகிதத்தை அடையாளம் தெரிவது கம்பியில் அது இருக்கும் இடத்தை வைத்துத்தான். கீழேயிருந்து இத்தனாவது காகிதம், அதில் இன்னது எழுதியிருக்கிறது என்று அவருக்குக் கணக்கு உண்டாம். ஆவணக் காப்பகங்களில் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் அல்லது அலுவலகத்தின் காகிதம் எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசையைக் கலைக்கக் கூடாது. பாட்டி அதை யாரிடமும் கற்காமல் கடைப்பிடித்திருக்கிறார்.

திரும்பக் கட்டமைக்க முடியுமா என்று பார்க்க உட்கார்ந்தேன். என் போன் ஸ்கேன்களை வைத்து ஆரம்பித்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. செயலி ஓரங்களை வெட்டியிருந்தது, துருக்கறையை 'அழுக்கு' என்று துடைத்திருந்தது, பூச்சித் துளைகளை வெள்ளையால் நிரப்பியிருந்தது. நல்ல வேளையாகக் காகிதம் இருந்தது. ஸ்கேன் முடிந்தாயிற்றே, இந்தக் குப்பை எதற்கு என்று தூக்கிப் போட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஒவ்வொரு காகிதத்திலும் கம்பி குத்திய துளை இருந்தது. துளையைச் சுற்றிச் செம்பழுப்பில் துரு வளையம். அடுத்தடுத்து இருந்த காகிதங்களில் ஒன்றின் பின்பக்கக் கறை மற்றதன் முன்பக்கத்தில் கண்ணாடியில் தெரிவது போலப் பதிந்திருந்தது. அதைவிடப் பெரிய உதவி ராமபாணப் பூச்சி செய்தது. அது ஒரு காகிதத்தோடு நிற்பதில்லை, நேராகத் துளைத்துக்கொண்டு அடுத்தது, அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருக்கும். மராமரம் ஏழையும் துளைத்த அம்பின் பெயரை அந்தப் பூச்சிக்கு ஏன் வைத்தார்கள் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. ஒரு கடிதத்தில் மூன்று துளை, அதே இடைவெளியில், அதே சாய்வில் இன்னொன்றிலும் மூன்று துளை என்றால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. மூன்று இரண்டாகிறது என்றால் அந்தப் பக்கமாகப் போகப் போகப் பூச்சியின் பாதை ஒன்று முடிகிறது.

மூலத்தைத் திரும்பத் திரும்பக் கையாளக் கூடாது என்பதால், பட்டர் பேப்பரை மேலே வைத்து ஒவ்வொரு காகிதத்தின் துளைகளையும் பென்சிலால் படியெடுத்தேன். 63 பட்டர் பேப்பர். ராத்திரி சமையல் வேலை முடிந்தபின் கூடத்தில் விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கிஸ்தி ரசீதுகளில் தேதி இருந்தது, அவை மைல்கல் போல நின்றன. நான்கு மாதத்தில் வரிசை வந்துவிட்டது. ஒரே ஒரு இடத்தில்தான் தட்டியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வரிசை வந்தபின் புதிதாக ஸ்கேன் செய்தேன். இந்த முறை தட்டையான கண்ணாடி வைத்த ஸ்கேனர். தாளை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை பழைய காகிதத்துக்கு ஆகாது, நடுவில் சிக்கினால் கிழித்துவிடும். கலரில், நான்கு ஓரமும் வெளியே தெரியும்படி, முன்னும் பின்னும். சாதாரண எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதும், போட்டோவுக்கும் துளைகளுக்கும் 600 வைத்தேன். மூலப் பிரதியைப் படத்தின் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் சுருக்கிய ஜேபெக் (JPEG). ஏ4 தாள் ஒரு பக்கம் 300 புள்ளியில் கலரில் எடுத்தால் டிஃப் கோப்பு 26 எம்.பி. வரும். பெரிதாகத் தோன்றும், ஆனால் எல்லாம் சேர்த்தும் ஒரு பென்டிரைவில் அடங்கிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். ஈப்போ அண்ணனுக்கு முதலில் அனுப்பியவற்றில் முத்திரை எழுத்து படிக்க முடியாமல் போனதற்கு அதுவும் காரணம்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில் நான் ரொம்ப யோசித்தேன். ஆட்களின் பெயரை வைத்தால் நம் குடும்பங்களில் குழப்பம் நிச்சயம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம், முன்னெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. எங்கள் வீட்டில் ஒரே பெயரில் நாலு பேர். கிஸ்தி ரசீதில் ஒரு பெயர், ஊரில் கூப்பிடும் பெயர் வேறு. மலேசியக் காகிதங்களில் 'அனாக் லெலாக்கி' போட்டு இன்னார் மகன் இன்னார் என்று இருக்கும், எழுத்தும் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு மாதிரி. அதனால் காகிதம் இருந்த இடத்தையே பெயராக வைத்துவிட்டேன். கம்பி-001-முன், கம்பி-001-பின். பெட்டி-001-முன். அவ்வளவுதான். யார், எப்போது, என்ன விஷயம் என்பதெல்லாம் தனியாக ஒரு நீளவாட்டு நோட்டில், கையால், பால்பாயின்ட் பேனாவில். கம்ப்யூட்டரிலும் ஒரு அட்டவணை உண்டு. ஆனால் நோட்டுதான் எனக்கு முதல்.

நோட்டை முதலாக வைப்பதற்குக் காரணம் உண்டு. அப்பா 2002-இல் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எங்கள் வம்சாவளியைத் தட்டச்சு செய்து வைத்தார். ஏழு தலைமுறை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் அப்போது பரவவில்லை, ஆளுக்கொரு எழுத்துரு. அந்தக் கோப்பை இன்று திறந்தால் கொம்பும் புள்ளியுமாக ஒன்றும் புரியாத குவியல் தெரிகிறது. அந்த எழுத்துரு எது என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம், மாற்றும் கருவிகள் இருக்கின்றன. அது எதுவென்று சொல்ல அப்பா இப்போது இல்லை. ஆனால் அன்று அவர் எடுத்த ஒரு பிரிண்ட் பெட்டியில் இருந்தது. நனைந்து, காய்ந்து, ஓரம் பழுப்பேறி. அதிலிருந்துதான் ஏழு தலைமுறையையும் மறுபடி தட்டச்சு செய்தேன்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு நான் ஸ்கேனுக்கு எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. தலைஞாயிறில் இருக்கும் காகிதத்தை ஈப்போவில் ஒருவர் ராத்திரி பத்து மணிக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு 'அந்த முத்திரையைப் பார்' என்று சொல்ல முடிவது ஸ்கேனால்தான். அடுத்த புயலில் காகிதம் போனாலும் சொல்லாவது மிஞ்சும். அதனால் மூன்று பிரதி வைத்திருக்கிறேன். ஒன்று என்னிடம் ஹார்டு டிஸ்க்கில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று கோயம்புத்தூரில் தம்பி வீட்டில். கடலோரத்திலிருந்து ஒரு பிரதியாவது தள்ளி இருக்க வேண்டும். டிஸ்க்கை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் போதாது. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் அடுக்கும்போது அதையும் எடுத்துச் சொருகி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்க்கிறேன். அன்றே பெட்டியையும் திறந்து பூச்சி பார்ப்பது, வசம்பு மாற்றுவது. பெட்டி இப்போது பரணில் இல்லை, தரையில் செங்கல் அடுக்கி அதன்மேல் இருக்கிறது. காகிதங்கள் கஞ்சி போடாத பருத்தித் துணியில் சுற்றி, மடிக்காமல். நிலப் பத்திரங்கள் மட்டும் தனி. அவை சட்ட விஷயம், மூலம் பேங்க் லாக்கரில்தான் இருக்க வேண்டும், ஸ்கேன் அதற்கு ஈடாகாது.

இனி வரிசை சொன்ன கதை.

கம்பி-041 தாத்தாவின் கடிதம். விஷு வருஷம் கார்த்திகை, அதாவது 1941 நவம்பர் கடைசி. வளையல் செய்துகொள்ளப் பணம் அனுப்பியிருப்பதாக எழுதியிருந்தார். டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. 11-ஆம் தேதி பினாங்கு நகரத்தில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. கப்பல் இல்லை, தபால் இல்லை, மணியார்டர் இல்லை. நாகப்பட்டினம் கரையோரத்து ஊர்களில் எத்தனையோ வீடுகள் மலாயாப் பணத்தில் அடுப்பெரித்தவை. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும்வரை அந்த வீடுகளுக்கு ஒரு வரி வரவில்லை.

கம்பி-051 அடுத்த கடிதம். தேதி இல்லாதவற்றில் ஒன்று. ஆனால் கவரின் பின்பக்கத்தில், அப்பா சிறுவயதில் ஸ்டாம்பு சேகரிக்கப் பிய்க்காமல் விட்ட ஒரே ஸ்டாம்பு இருந்தது. மலாயா ஸ்டாம்பின்மேல் பி.எம்.ஏ. என்று கூடுதலாக அச்சிட்டிருந்தது. பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் குறி. போருக்குப் பின், 1945 அக்டோபரில்தான் அந்த ஸ்டாம்பு புழக்கத்துக்கு வந்தது. ஈப்போ அண்ணன் பின்பக்கம் கேட்டதற்குக் காரணமே இதுதான். சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கொண்டுபோன நம் ஊர் ஆட்களில் மூன்று பேர் திரும்பவில்லை என்று அதில் ஒரு வரி. அடுத்த வரி: கார்த்திகையில் அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா, வளையல் எடுத்தாயா.

இரண்டு கடிதத்துக்கும் நடுவில், 042 முதல் 050 வரை, கம்பியில் இருந்தவை அடகுச் சீட்டுகள்.

இவற்றை நான் 'அடகுச் சீட்டு' என்று எழுதிய கவரில் போட்டு வைத்திருந்தபோது அவை வெறும் சீட்டுகள். எப்போதோ யாரோ நகை வைத்திருக்கிறார்கள், எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று கடந்துபோனேன். கம்பி வரிசையில் வைத்ததும் அவை கடிதம் வராத அந்த நாலு வருஷத்தின் கணக்காக மாறின. அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக் காட்டினார். தமிழ் எண்களும் குறிகளும் அவருக்குச் சரளம். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி. சித்திரபானு ௵ ஆவணி ௴ ௰௨ ௳, வளையல் ஒரு ஜோடி, ௹ 45. சித்திரபானு 1942. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பெயர் வரும் என்பதால் பக்கத்துக் காகிதம் இல்லாவிட்டால் இது 1882-ஆ, 1942-ஆ என்றுகூடச் சந்தேகம் வரலாம். அதே வருஷம் தை, ௸யார், தோடு. அடுத்து அட்டிகை. சுபானு, அதாவது 1943, ஐப்பசி, வெள்ளிக் குத்துவிளக்கு. தாரண ஆடி, 1944, வெண்கலப் பானை இரண்டு. நகை முடிந்து பாத்திரத்துக்கு வந்துவிட்டது.

அடகுச் சீட்டு வீட்டில் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று அத்தைதான் எடுத்துச் சொன்னார். எனக்குத் தோன்றவே இல்லை. பொருளை மீட்கும்போது சீட்டைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கம்பியில் மிஞ்சியிருப்பதெல்லாம் மீட்காமல் போனவை.

வரிசை தட்டிய ஒரு இடம் என்று சொன்னேனே, அது இங்கேதான். ஐப்பசி மாதக் குத்துவிளக்குச் சீட்டுக்கும் ஆடி மாதப் பானைச் சீட்டுக்கும் நடுவில் பூச்சித் துளைகள் சரியாகப் பொருந்தவில்லை. சாய்வு ஒன்றுதான், ஆனால் ஒரு காகிதத்தின் அளவுக்குத் தள்ளியிருந்தது. நான் பட்டர் பேப்பரில் படியெடுத்ததில் பிசகு என்று நினைத்து இரண்டு முறை திரும்ப எடுத்தேன். அப்படியேதான் வந்தது.

பானைச் சீட்டின் பின்பக்கத்தை 600 புள்ளியில் ஸ்கேன் செய்து பெரிதாக்கியபோது விஷயம் தெரிந்தது. கம்பி குத்திய துளையைச் சுற்றி, துருவோடு துருவாக ஒட்டிக்கொண்டு, வேறொரு காகிதத்தின் துணுக்கு. சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். கம்பியில் நடுவே இருந்த சீட்டைக் கழற்றாமல் இழுத்துப் பிய்த்தால் கம்பியைச் சுற்றி இப்படித்தான் துணுக்கு நிற்கும். இதுபோல இன்னும் எத்தனை துணுக்குகளை அந்த ஞாயிற்றுக்கிழமை முறத்தில் அள்ளிக் கொட்டினேன் என்று எனக்குத் தெரியாது. இது ஒட்டிக்கொண்டதால் தப்பியது. துணுக்கில் ஒரே ஒரு எழுத்து முழுசாக இருக்கிறது: 'கொ'.

டேப்லெட்டில் பெரிதாக்கி அத்தையிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொலுசு. என் கொலுசு. தை அறுப்பு முடிஞ்சு நெல் போட்ட காசுல அதை மட்டும் மீட்டுட்டு வந்தாங்க. அழுதுட்டே இருந்தேனாம்."

பானைச் சீட்டு இப்போது கம்பி-048. துணுக்கை அதிலிருந்து பிரிக்கவில்லை. கம்பி-047 என்று எழுதிய ஒரு வெள்ளைத் தாளை 046-க்கும் 048-க்கும் நடுவில் வைத்திருக்கிறேன். கணினியிலும் அந்த எண்ணில் வெறும் பக்கம் இருக்கிறது, முன்னும் பின்னும். நோட்டில் அதற்கு நேராக அத்தை சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, சொன்ன தேதியும் போட்டு, கீழே அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.